கடை மூடியிருந்த மூன்று நாள்

பூர்ணிமா: ...அப்புறம் என்னாக்கா ஆச்சு? டீயக் குடிச்சிக்கினே சொல்லுங்க, ஆறிடப்போவுது.

கமலவேணி: ஆறட்டும். அப்புறம் என்னா. காலையில கண்ண முழிச்சாரு. "ஏய், லைட்டப் போடு"ன்னாரு.

பூர்ணிமா: ம்...

கமலவேணி: வெயிலு சன்னல் வழியா வந்து அவரு மூஞ்சி மேலதான் அடிக்குது. "கரண்ட்டு போயிடுச்சா, லைட்டப் போடுடி"ன்றாரு.

பூர்ணிமா: அய்யய்யோ...

கமலவேணி: நான் வெளையாடுறாருன்னு நெனச்சேன். "எழுந்திரிங்க, ஓட்டுப் போட போவணும்"ன்னேன். கையத் துழாவுறாரு. என் மூஞ்சியத் தடவித் தடவிப் பாக்குறாரு. அப்பத்தான் புரிஞ்சிச்சி, கண்ணு தெரியலன்னு.

பூர்ணிமா: உடனே இங்க கூட்டியாந்துட்டீங்களா?

கமலவேணி: பக்கத்து வூட்டு ஆட்டோவுல. வாணரப்பேட்டையிலேர்ந்து இந்தக் கதிர்காமம் ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள மூச்சு இழுத்துக்கினு வந்துச்சி. நேத்து காலையில ஐசியுக்குள்ள போனவருதான். கண்ணாடி வழியா ஒரே ஒரு தடவ காட்டுனாங்க. வாயி, மூக்கு எல்லாம் கொழாயி.

பூர்ணிமா: டாக்டரு என்னா சொல்றாரு? பொழச்சிப்பாரா?

கமலவேணி: டாக்டரம்மா. பொழப்பாருன்னும் சொல்லல, மாட்டாருன்னும் சொல்லல... நீ என்னா, வந்து ஒக்காந்ததுலேர்ந்து இதையே கேக்குற?

பூர்ணிமா: மனசு கேக்கலக்கா. அதான்.

கமலவேணி: உங்க அம்மாவ எங்க போட்டுருக்குன்னு சொன்ன?

பூர்ணிமா: பொம்பளைங்க வார்டுல.

கமலவேணி: அது சரி, ஆம்பளைங்க வார்டுலயா போடுவாங்க? ஒடம்புக்கு என்னா?

பூர்ணிமா: ...சுகரு.

கமலவேணி: சுகருதான... வந்து இவ்ளோ நேரமாவுது, அம்மாவப் பாக்க ஒரு தடவகூட நீ எழுந்திரிக்கலையேன்னு கேட்டேன்.

பூர்ணிமா: தூங்குதுக்கா. தங்கச்சி கூட இருக்கா. நீங்க ஒண்டியா ஒக்காந்துருக்கீங்களேன்னு...

கமலவேணி: ஒண்டிதான். பொண்ணு சேலத்துல நர்சிங் படிக்குது. அதுக்கு இன்னும் சொல்லல. வந்து அப்பன இந்தக் கோலத்துல பாத்தா...

செந்தமிழ்ச்செல்வி: இங்க அம்மாவாசை சம்சாரம் யாரும்மா?

கமலவேணி: நான்தான் மேடம். கமலவேணி. நேத்து ஸ்டேஷன்லேர்ந்து வந்து கேட்டீங்களே.

செந்தமிழ்ச்செல்வி: ஆமா ஆமா. எலெக்‌ஷன் டூட்டி, ரெண்டு நாளா கண்ணு மூடல, மூஞ்சியெல்லாம் மறந்துபோவுது. நேத்து என்னா சொன்னீங்க, அவரு எங்க வாங்குனாருன்னு?

கமலவேணி: தெரியாதுன்னு சொன்னேன் மேடம்.

செந்தமிழ்ச்செல்வி: அதேதான். ஸ்டேஷன்ல அத வெச்சிக்கினு என்னா பண்றது? ஓட்டுக்காக கடை மூணு நாளு மூடி. சாராயக்கடையும் மூடி, ஒயின்ஸும் மூடி. பார்டருக்கு அந்தாண்ட கோட்டக்குப்பத்துல தமிழ்நாட்டு கவர்மெண்டு கடையும் மூடி. அப்ப சரக்கு ஆகாசத்துலேர்ந்தா வந்துச்சி? யோசிங்கம்மா. உங்க வூட்டுக்காரு ஒருத்தருக்காக மட்டும் கேக்கல. டாக்டரு சொல்றாங்க, அது குடிக்கிற சாராயமே இல்லையாம், பெயிண்டுல கலக்குற வெஷமாம். வேற எவனாவது குடிச்சிட்டு போதைன்னு நெனச்சி படுத்துக்கெடந்தான்னா, கண்ணு போறதுக்குள்ள கூட்டியாந்தா பொழைக்க வெக்கலாமாம். ஆளு தெரியணும்ல?

பூர்ணிமா: வேற யாராவது வந்துருக்காங்களா மேடம், இதே மாதிரி?

செந்தமிழ்ச்செல்வி: நீ யாரும்மா?

கமலவேணி: தொணைக்கு ஒக்காந்துருக்கு மேடம். டீ வாங்கியாந்து குடுத்துச்சி.

செந்தமிழ்ச்செல்வி: இன்னும் யாரும் வரல. வராம இருக்கணும். டாக்டரு கூப்புடுறாங்க, ரிப்போர்ட்டு வாங்கிக்கினு வந்துடுறேன். அதுக்குள்ள நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. பயப்படாம சொல்லுங்க. என்னா?

கமலவேணி: சரிங்க மேடம்.

பூர்ணிமா: ...போயிட்டாங்களா?

கமலவேணி: லிப்ட்டுக்குள்ள போயிட்டாங்க. உனக்கு ஏன் இப்புடி வேர்க்குது?

பூர்ணிமா: ஃபேன் இந்தப் பக்கம் வரலக்கா... என்னா சொல்லப்போறீங்க அவங்ககிட்ட?

கமலவேணி: தெரிஞ்சாத்தான சொல்ல.

பூர்ணிமா: நெசமாவே தெரியாதா? அன்னிக்கி நீங்க வூட்டுல இல்லையா?

கமலவேணி: இருந்தேன், போனேன், வந்தேன். ஒரு சொல்தா வூட்டுல வேல செய்யிறேன், பிரெஞ்சு பென்ஷன்காரரு, கடற்கரைப் பக்கம். மத்தியானம் போயி பாத்திரம் கழுவிட்டு வந்தேன்.

பூர்ணிமா: அப்ப அந்த நேரத்துல அவரு வெளிய போயிருப்பாரு.

கமலவேணி: இருக்கும்.

பூர்ணிமா: தெனம் குடிப்பாராக்கா?

கமலவேணி: அவரு வேல பாத்த மில்லு மூடுனதுலேர்ந்து. பெரிய மார்க்கெட்டுல மூட்ட தூக்குறாரு. காலையில கடை தொறக்கும்போது ஒண்ணு, அப்பத்தான் கையி நிக்கும். சாயங்காலம் ஒண்ணு, அப்பத்தான் தூக்கம் வரும். மத்தபடி மனுஷன் ஒரு சொல்லு சொல்லமாட்டாரு. அடிக்கிற ஆளு இல்ல. கடை மூடுன அன்னிக்கிப் பாக்கணும் நீ...

பூர்ணிமா: கோவப்பட்டாரா?

கமலவேணி: கோவப்பட்டிருந்தா தேவலையே. மொத நாளு கையி ஒதறுச்சி. தண்ணி சொம்பப் புடிக்க முடியல, மாருமேலல்லாம் ஊத்திக்கினாரு. மறுநாளு சுவத்துல எறும்பு ஊறுதுன்னு சொரண்டுறாரு. எறும்பே இல்ல. செத்துப்போன அவரு தம்பி வாசல்ல நிக்கிறான், உள்ள கூப்புடுன்றாரு. ஒடம்பெல்லாம் வேர்வ. அப்புறம் வெட்டி வெட்டி இழுத்துச்சி பாரு... பல்லு கிட்டிக்கிச்சி. கரண்டியத் திணிச்சேன். தப்பாம், டாக்டரம்மா திட்டுறாங்க.

பூர்ணிமா: அன்னிக்கே இங்க கூட்டியாந்துருக்கலாமேக்கா?

கமலவேணி: கூட்டியாந்துருக்கலாம்... இப்ப எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. குடிய நிறுத்துனா ஒரு ஆளு செத்தேகூடப் போவான்னு எவ கண்டா? சரக்கு உள்ள போனா நின்னுடும்னுதான் எங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமா அதத்தான பாத்துக்கினு இருக்கேன்.

பூர்ணிமா: பாவம்.

கமலவேணி: யாரு?

பூர்ணிமா: ...எல்லாருந்தான்.

கமலவேணி: உள்ள இப்ப என்னா மருந்து குடுக்குறாங்க தெரியுமா? சாராயம்.

பூர்ணிமா: என்னாக்கா சொல்றீங்க?

கமலவேணி: நெசமாதான். கெட்ட சாராயத்துக்கு நல்ல சாராயந்தான் முறிப்பாம். அளந்து கொழாயில விடுறாங்களாம். எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. மூணு நாளு எங்கயும் கெடைக்காதது ஐசியுல கெடைக்குது.

பூர்ணிமா: இருங்கக்கா, போன் அடிக்குது... அலோ. ம்... இல்ல, இன்னும் இல்ல... பேசிக்கினுதான் இருக்கேன்... நீ வெளிய வராத. சொல்றேன்ல, வராத. கதவச் சாத்திக்கினு இரு. வெச்சிடு.

கமலவேணி: யாரு?

பூர்ணிமா: தங்கச்சி.

கமலவேணி: அம்மாகூட வார்டுல இருக்குற தங்கச்சியா?

பூர்ணிமா: ...ஆமா.

கமலவேணி: அதையா கதவச் சாத்திக்கினு இருன்ன?

பூர்ணிமா: இல்ல, அது வந்து... சின்னத் தங்கச்சி. வூட்டுல இருக்கா.

கமலவேணி: சரி. நான் ஏன் கேக்குறேன். இந்தா, இந்த பிஸ்கட்ட நீயும் எடுத்துக்க. உன் மூஞ்சியப் பாத்தா நீயும் நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்புடாத மாதிரி இருக்கு.

பூர்ணிமா: வேணாங்க்கா.

கமலவேணி: சாப்புடு. வெஷம் இல்ல... என்னாத்துக்கு இப்ப அழுவுற?

பூர்ணிமா: ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி.

கமலவேணி: இந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல ஏது தூசி? ரெண்டு தடவ கழுவி உட்டுட்டுப் போனாங்க... சொல்லு. என்கிட்ட என்னாமோ சொல்லத்தான் வந்து ஒக்காந்துருக்க.

பூர்ணிமா: அக்கா... நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கமாட்டீங்களே?

கமலவேணி: சொல்லு.

பூர்ணிமா: கடை மூடுறதுக்கு மொத நாளே, மூடப்போறாங்கன்னு அவரு சாராயக்கடையில வாங்கி வெச்சிருந்தாருன்னு சொல்லிடுங்க.

கமலவேணி: யாருகிட்ட?

பூர்ணிமா: அந்த மேடம்கிட்ட. சாராயக்கடைக்கு சரக்கு எங்கேர்ந்து வருது? கவர்மெண்டுலேர்ந்துதான? கவர்மெண்டு சரக்கு குடிச்சி கண்ணு போச்சுன்னா, கவர்மெண்டுதான நஷ்டஈடு குடுக்கணும்? உங்க பொண்ணு படிப்புக்கு ஆவும். வேலகூட போட்டுக் குடுப்பாங்க.

கமலவேணி: ஓ...

பூர்ணிமா: யாரு பேரும் கெடாது. யாரும் உள்ள போவமாட்டாங்க. உங்களுக்கும் நல்லது.

கமலவேணி: கவர்மெண்டு தலையில போட்டுடலாம்ன்ற.

பூர்ணிமா: போட்டா என்னாக்கா? அவங்கள உட்டா வேற யாரும் விக்கக்கூடாது. வித்தா கேஸு. ஏலம் உட்டு, சரக்கும் அவங்களே குடுத்து, காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் தெருவுக்குத் தெரு ஊத்துறாங்க. அப்புறம் ஒரு நாளு ஓட்டுன்னு சொல்லி எல்லாத்தையும் இழுத்து மூடிட்டா, தெனம் குடிச்சிப் பழகுன ஒடம்பு என்னா பண்ணும்? யாராவது யோசிச்சாங்களா?

கமலவேணி: யோசிக்கல.

பூர்ணிமா: பாத்தீங்களா?

கமலவேணி: நானும் அதத்தான் அன்னிக்கி நெனச்சேன். பாட்டில்ல வெச்சி விக்கும்போது எங்க வூட்டு ஆளு அவங்களுக்கு வேணும். மூடும்போது அந்த ஆளு என்னா ஆவான்னு ஒருத்தரும் கேக்கல... நீ சொல்றது ஞாயந்தான்.

பூர்ணிமா: அப்ப சொல்லுவீங்களாக்கா?

கமலவேணி: இரு. இதுல உனக்கு என்னா?

பூர்ணிமா: எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு... தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா.

கமலவேணி: யாரு?

பூர்ணிமா: பேரு வேணாங்க்கா. சாரத்துல இருக்கா. அவ வூட்டுக்காருதான்... அவருதான் அந்த மூணு நாளும் வித்தாருன்னு பேசிக்கிறாங்க.

கமலவேணி: உனக்குத் தெரிஞ்சவளா.

பூர்ணிமா: நல்லாத் தெரியும்.

கமலவேணி: எப்புடிப்பட்டவ?

பூர்ணிமா: சாதாரணமானவதாங்க்கா. டைலரிங் பண்றா. எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு, கவிநிலான்னு. அவ வூட்டுக்காரு ஆட்டோ ஓட்டுறாரு. மூணு நாளு மூடப்போறாங்க, எவனோ ஒருத்தன் கேன்ல கொண்டாந்து குடுத்தான், பாக்கெட்டு போட்டு வித்தா ஆட்டோ டியூ கட்டிடலாம்னு... இதுக்கு முன்னாடி வித்ததே இல்ல. அவருக்கு அது வெஷம்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது.

கமலவேணி: அவளுக்கு?

பூர்ணிமா: அவளுக்கும் தெரியாது.

கமலவேணி: வேணாம்னு சொல்லலையா அவ?

பூர்ணிமா: சொன்னா. சண்ட போட்டா. அப்புறம்... ஆளுங்க வர ஆரம்பிச்சதும், அவரு உள்ள கட்டிக் குடுக்க, அவ சன்னல்ல எடுத்துக் குடுத்தா. கையி நடுங்கிக்கினு வர்றானுங்கக்கா. குடு குடுன்னு கும்புடுறானுங்க. மருந்து குடுக்குற மாதிரி இருந்துச்சுன்னு... அவ சொன்னா.

கமலவேணி: ம். மருந்துதான்.

பூர்ணிமா: நேத்து வாட்ஸப்புல வந்துதான் அவங்களுக்குத் தெரியும். அதுலேர்ந்து ரெண்டு பேரும் சோறு தண்ணி எறங்காம... உள்ள இருக்குறவரு செத்துட்டாருன்னா கொலக் கேஸாம். பொழச்சிட்டா வேறயாம். அதான் பொழச்சிப்பாரான்னு...

கமலவேணி: அதான் வந்ததுலேர்ந்து கேட்டுக்கினே இருக்க.

பூர்ணிமா: அவளுக்காகத்தாங்க்கா.

கமலவேணி: நான் தப்பா சொல்லல. அவளுக்காகத்தான்... அவ பயப்புடுறது எனக்குப் புரியுது. சரி, நான் அப்புடியே சொல்லிடுறேன்னே வெச்சிக்க. போலீஸு சும்மா இருக்குமா? சாரத்துல வூடு வூடாப் பூந்து பாப்பாங்க. மீதி சரக்கு கையில சிக்குனா என்னா பண்ணுவா அவ?

பூர்ணிமா: சிக்காது. வூட்டுல இல்ல.

கமலவேணி: கொட்டிட்டாங்களா?

பூர்ணிமா: கொட்டல... கேன்காரன் திரும்ப வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கான். ஆட்டோ நிறுத்துற செட்டு ஒண்ணு இருக்கு, தவுட்டு மூட்டைக்குப் பின்னாடி வெச்சிருக்காரு.

கமலவேணி: திரும்ப வாங்கி அவன் என்னா குடிக்கவா போறான்? வேற ஊருல ஊத்துவான்... எந்த செட்டு? கண்டவங்க போயிப் பாத்துட்டா?

பூர்ணிமா: யாரும் போவமாட்டாங்க. வாய்க்காலு ஓரம், பழைய அரிசி மில்லுக்கு எதுத்தாப்புல. பூட்டு போட்டுருக்கு.

கமலவேணி: சரி. வித்தது எத்தன பேருக்குன்னு அவளுக்கு ஞாபகம் இருக்கா?

பூர்ணிமா: ஏங்க்கா?

கமலவேணி: எவனாவது ஒருத்தன் வாயத் தொறந்தா அவ மாட்டிப்பாளே. அதுக்குத்தான் கேக்குறேன்.

பூர்ணிமா: மொத கேனு நல்ல கேனுதாங்க்கா. அது குடிச்சவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க, அவரு ஆட்டோல சுத்தி எல்லாரையும் பாத்துட்டு வந்துட்டாரு. ரெண்டாவது கேனுலதான்... அதுல மூஞ்சி பாக்காம அவ குடுத்தது ஒண்ணு, அது உங்க வூட்டுக்காரரு வாங்குனதுதான்.

கமலவேணி: அது ஒண்ணுதானா?

பூர்ணிமா: ...இன்னொருத்தரு.

கமலவேணி: யாரு அது?

பூர்ணிமா: வேணாங்க்கா, உடுங்க.

கமலவேணி: சொல்லும்மா. நானும் இப்ப உங்க பக்கந்தான? தெரிஞ்சாத்தான் பொய்ய ஒழுங்கா சொல்லலாம்.

பூர்ணிமா: வீராம்பட்டினத்துல ஒருத்தரு. நெடுமாறன்னு. மீன்புடி தடைக்காலம், போட்டு கரையில நிக்குது. பேரப்புள்ளைக்கு காதுகுத்து வெச்சிருக்காரு, ஒறவு மொறையெல்லாம் வருது, கடை தொறக்குதோ இல்லையோன்னு ஒரு பை நெறைய வாங்கினு போனாரு.

கமலவேணி: காதுகுத்து எப்ப?

பூர்ணிமா: ...

கமலவேணி: பூர்ணிமா. எப்ப?

பூர்ணிமா: இன்னிக்கி சாயங்காலம்.

கமலவேணி: இன்னிக்கேவா?

பூர்ணிமா: கடைதான் இன்னிக்கி தொறந்துட்டாங்களேக்கா. வர்றப்ப பாத்தேன், கியூ நிக்குது. அவரு நல்ல சரக்கா வாங்கிக்குவாரு. இத எதுக்குத் தொடப்போறாரு?

கமலவேணி: காசு குடுத்து வாங்கி வெச்சத எவன் கொட்டுவான்? உன் வூட்டுல கொட்டுனீங்களா?

பூர்ணிமா: என் வூடு இல்லக்கா... அவ வூடு.

கமலவேணி: சரி, அவ வூடு. அவ போன் பண்ணி அந்த நெடுமாறன்கிட்ட சொல்லலையா? குடிக்காதீங்க, கொட்டிடுங்கன்னு?

பூர்ணிமா: பண்ணலாம்னு எடுத்தா. அவ வூட்டுக்காரு புடுங்கி வெச்சிட்டாரு. போன் பண்ணா பதிவாயிடும், நாமளே சாட்சி குடுத்த மாதிரி ஆயிடும்னாரு.

கமலவேணி: அவ பேசாம இருந்துட்டா.

பூர்ணிமா: அவளுக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்குக்கா!

கமலவேணி: மெதுவா. செக்யூரிட்டி பாக்குறான்... காதுகுத்துற புள்ளையும் புள்ளதான். மணி என்னா ஆவுது பாரு, மத்தியானம் ஆவப்போவுது. இன்னும் நேரம் இருக்கு. அவள இப்பவே போன் பண்ணச் சொல்லு.

பூர்ணிமா: எவள?

கமலவேணி: உனக்குத் தெரிஞ்சவள.

பூர்ணிமா: அவளுக்கு தைரியம் இல்லக்கா...

கமலவேணி: சன்னல்ல கைய நீட்டிக் குடுக்க இருந்துச்சில்ல?

பூர்ணிமா: நீங்க என்னா இப்புடிப் பேசுறீங்க? அவ என்னா, வேணும்னேவா பண்ணா?

கமலவேணி: இல்ல. வேணும்னு பண்ணல. அதான் சொல்றேன். இதுவரைக்கும் நடந்தது தெரியாம நடந்தது. இனிமே நடந்தா தெரிஞ்சி நடக்குறது. அவகிட்ட இதச் சொல்லு.

பூர்ணிமா: பொண்ண வெச்சிக்கினு அவ எங்க போவா? அப்பன் ஜெயிலு, அம்மா ஜெயிலுன்னா, நாளைக்கி அது பள்ளிக்கூடத்துல எப்புடித் தலநிமிந்து நிக்கும்?

கமலவேணி: தெரியல எனக்கு. என் பொண்ணு வந்து கேட்டா நான் என்னா சொல்லப்போறேன்னும் தெரியல.

பூர்ணிமா: நீங்க என்னா பண்ணீங்க? உங்க பொண்ணுகிட்ட நீங்க நிமிந்து சொல்லலாம். உங்களுக்கு நடந்தது அநியாயம். அவளுக்கு...

கமலவேணி: லிப்ட்டு மணி அடிக்குது. அவங்கதான் வர்றாங்க. கடைசியா கேக்குறேன். போன எடுக்குறியா?

பூர்ணிமா: அக்கா, கெஞ்சிக் கேக்குறேன். கவர்மெண்டு சரக்குன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்ததான். உங்க கால்ல வேணா உழுறேன்.

கமலவேணி: கால்ல உழாத. ஒக்காரு. கையக் குடு... ஐஸு மாதிரி இருக்கு.

செந்தமிழ்ச்செல்வி: என்னாம்மா, ரெண்டு பேரும் அழுதுக்கினு இருக்கீங்க? டாக்டருகிட்ட பேசிட்டேன். உசுருக்கு இனிமே பயம் இல்லன்றாங்க. காலையில வாயிக் கொழாய எடுத்ததும் ரெண்டு வார்த்த பேசுனாராம். ஆனா...

கமலவேணி: கண்ணு?

செந்தமிழ்ச்செல்வி: கண்ணு திரும்பாதாம். அதுக்கு மனச தயாரா வெச்சிக்கச் சொன்னாங்க.

பூர்ணிமா: உசுரு இருக்குல்ல... உசுரு இருக்குல்ல மேடம்? அது போதும் அக்கா. அது போதும்.

கமலவேணி: என்னா பேசுனாராம் மேடம்?

செந்தமிழ்ச்செல்வி: நர்ஸு கேட்டுருக்கு, யாருகிட்ட வாங்குனீங்கன்னு. "நானே போயி வாங்குனேன். பஸ் ஸ்டாண்டுல, எவனோ ஒருத்தன், மூஞ்சி தெரியாது"ன்னாராம்.

கமலவேணி: ...அப்புடியா சொன்னாரு?

செந்தமிழ்ச்செல்வி: ரெண்டு தடவ சொன்னாராம். "என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது, அவளக் கேக்காதீங்க"ன்னும் சொல்லியிருக்காரு. நான் இத அப்புடியே எழுதிக்கிறேன். உங்களுக்கு இதுக்கு மேல ஏதாவது தெரியுமா? இல்லன்னா நான் கெளம்புறேன், ஓட்டுப் பொட்டி வெச்ச எடத்துல மறுபடியும் டூட்டி.

பூர்ணிமா: அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். இவ்ளோ நேரம் பேசிக்கினுதான் இருந்தேன். ஒண்ணும் தெரியாதுன்னாங்க. இல்லக்கா?

செந்தமிழ்ச்செல்வி: அவங்க சொல்லட்டும்மா. சொல்லுங்க கமலவேணி. தெரியுமா, தெரியாதா?

கமலவேணி: மேடம், எழுதுறத அப்புறம் எழுதுங்க. மொதல்ல வீராம்பட்டினத்துக்கு போன் போடுங்க. நெடுமாறன்னு ஒருத்தரு, பேரனுக்கு இன்னிக்கி காதுகுத்து. அவரு வூட்டுல ஒரு பை நெறைய இதே சரக்கு இருக்கு, ஒரு ஆளு வாயில வெக்கக்கூடாது. மீதிக் கேனு சாரத்துல, வாய்க்காலு ஓரம், பழைய அரிசி மில்லுக்கு எதுத்த ஆட்டோ செட்டுல தவுட்டு மூட்டைக்குப் பின்னாடி இருக்கு. இது யாரு சொன்னதுன்னா, இவதான். பேரு பூர்ணிமா. பேரு இவ சொல்லல, அன்னிக்கி உள்ளேர்ந்து இவ வூட்டுக்காரு கூப்புட்டாரு, எனக்குக் கேட்டுச்சி. ஆமாம்மா, நீ வந்து ஒக்காந்த ஒடனே உன்ன எனக்குத் தெரிஞ்சிபோச்சி. தலையில முந்தானையப் போட்டுக்கினு சன்னலாண்ட நின்னவள உனக்குத்தான் ஞாபகம் இல்ல. மேடம், எங்க வூட்டுக்காரு சொன்னது பொய்யி. கடை மூடுன அன்னிலேர்ந்து அவரு பாய உட்டு எழுந்திரிக்கவே இல்ல, எங்கேர்ந்து பஸ் ஸ்டாண்டு போறது? வாங்கியான்னுகூட அவரு கேக்கல. இழுப்பு நின்னாப் போதும்னு நான்தான் வாணரப்பேட்டையிலேர்ந்து சாரத்துக்கு நடந்து போனேன், இவ கையாலதான் வாங்குனேன். இவ வேணும்னு குடுக்கல, அதையும் எழுதிக்கோங்க. தலைய மடியில தூக்கி வெச்சி, கொஞ்சம் கொஞ்சமா, ஒரு சொட்டு கீழ சிந்தாம, நான்தான் மேடம் அவருக்கு ஊட்டுனேன்.